சஃபாரி கேள்வி – பதில்: பதினான்கு நாளில் ஐந்து நாடு சரிவருமா?

ஆப்பிரிக்க சஃபாரி போகத் திட்டமிடுகிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வந்தன: ஒரே பயணத்தில் பல நாடுகளைப் பார்ப்பது. கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் தெற்கு ஆப்பிரிக்கப் பகுதிக்கும் பயணக் குழுக்களோடு கூடவே போய் வருவது என் தொழில். அந்த அனுபவத்தில் இருந்து பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் திருமண நாளை ஒட்டி 14 நாள் சுற்றுலா ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். கென்யா, தான்சானியா, ருவாண்டா, ஜிம்பாப்வே, போட்ஸ்வானா என்று ஐந்து நாடுகள். இன்னொரு தடவை போவோமோ என்னவோ, எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பார்த்துவிடலாம் என்கிறார் கணவர். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. திட்டத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானதுதான் அம்மா. அந்தத் திட்டத்தையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு கணவரோடு உட்காருங்கள். விடிந்ததும் வண்டியில் ஏறி, அவசரமே இல்லாமல் முற்பகல் வரை விலங்குகளோடு இருக்கக்கூடிய காலைகளை மட்டும் வட்டமிடுங்கள். பெட்டி கட்டும் காலை, விமான நிலையத்துக்கு ஓடும் காலை, எல்லையில் வரிசையில் நிற்கும் காலை எல்லாம் கணக்கில் வராது. நான் வட்டமிட்டுப் பார்த்தேன். கென்யாவின் மசாய் மாராவில் ஒன்று, தான்சானியாவின் செரங்கெட்டியில் ஒன்று, நிகோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தில் ஒன்று, ருவாண்டாவில் கொரில்லாவுக்காக ஒன்று. 14 நாளில் நான்கே நான்கு. போட்ஸ்வானாவின் சோபேயில் ஒரு இரவுதான் தங்குகிறீர்கள், விடிந்தால் ஊர் திரும்பும் விமானம்.

காலையை ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்றால், சிங்கமும் சிறுத்தையும் வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துக்கொண்டு புதருக்குள் போய்ப் படுத்துவிடும். மாலையில் வெயில் தணிந்ததும் இன்னொரு வாய்ப்பு உண்டு. நடுப்பகலில் எந்த வழிகாட்டியாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

எல்லைகள் எவ்வளவு நேரத்தைத் தின்கின்றன என்பது வரைபடத்தில் தெரியாது. மாராவும் செரங்கெட்டியும் ஒரே புல்வெளி. வில்டபீஸ்ட் என்ற மான் இனக் கூட்டத்துக்கு, நடுவில் எல்லைக் கோடு இருப்பதே தெரியாது. ஆனால் சுற்றுலாப் பயணிகள் அந்தக் காட்டுக்குள்ளேயே எல்லை தாண்ட முடியாது. மேற்கே வெகுதூரம் சுற்றி இசெபானியா என்ற எல்லை ஊருக்குப் போய், இரண்டு பக்கமும் முத்திரை வாங்கி, கென்ய வண்டியை விட்டுத் தான்சானிய வண்டிக்கு மாற வேண்டும். ஏறக்குறைய ஒரு பகல் முழுக்கப் போய்விடும். சிறு விமானத்தில் மிகோரி வரை போய், சாலையில் எல்லை தாண்டி, தாரிமேயில் இன்னொரு விமானம் பிடிக்கலாம். அதற்கும் அரை நாளுக்கு மேல் ஆகும், செலவும் அதிகம்.

பல நாடு பார்த்தே ஆக வேண்டும் என்றால், நாடுகள் நெருங்கி இருக்கும் இடத்துக்குப் போங்கள். தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியில் கசுங்குலா என்ற இடத்துப் பக்கம் ஜாம்பியா, ஜிம்பாப்வே, போட்ஸ்வானா, நமீபியா நான்கும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன. விக்டோரியா அருவியில் இருந்து சோபே ஏறத்தாழ 80 கிலோமீட்டர்தான். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினால் மதியம் சோபே ஆற்றில் படகில் இருக்கலாம். கசுங்குலாவில் 2021இல் பாலம் திறந்த பிறகு ஜாம்பியாவில் இருந்து போட்ஸ்வானாவுக்கு வருவதும் சுலபமாகிவிட்டது. அருவியில் இரண்டு இரவு, சோபேயில் மூன்று, அங்கிருந்து சிறு விமானத்தில் ஒகவாங்கோ டெல்டாவுக்குப் போய் இரண்டு கேம்ப்களில் மூன்று மூன்று இரவு. இதே பென்சிலை எடுத்து வட்டம் போடுங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

கிழக்கு ஆப்பிரிக்காதான் கனவு என்றால் தான்சானியாவை முதுகெலும்பாக வையுங்கள். தரங்கிரியில் இரண்டு இரவு, நிகோரோங்கோரோ விளிம்பில் ஒன்று, செரங்கெட்டியில் நான்கு. கடைசியில் விருப்பப்பட்டால் மாராவில் மூன்று. எந்த இடத்திலும் ஒரே இரவு தங்காதீர்கள் என்பது என் பொதுவான விதி, நிகோரோங்கோரோவுக்கு மட்டும் விலக்கு. அந்தப் பள்ளத்தின் தரை சுமார் 260 சதுர கிலோமீட்டர்தான், ஒரு நல்ல காலை போதும். ருவாண்டாவை இன்னொரு வருடத்துக்கு விடுங்கள். கணவரிடம் இந்தப் பக்கத்தை அப்படியே காட்டலாம்.

கேள்வி: வில்டபீஸ்ட் ஆற்றைக் கடப்பதைப் பார்க்க ஆகஸ்டில் போகிறோம். கட்டாயம் பார்க்கலாம் என்று உறுதி தருகிறார்கள். நம்பலாமா?

பதில்: அந்த உறுதியை யாராலும் தர முடியாது. லட்சக்கணக்கான வில்டபீஸ்ட் மழையையும் புல்லையும் தேடி நகர்கின்றன. கூட்டம் கரையில் வந்து மணிக்கணக்கில் நிற்கும், பிறகு காரணமே தெரியாமல் திரும்பிப் போய்விடும். ஜூலை முதல் அக்டோபர் வரை மாரா ஆற்றின் பக்கம் இருந்தால் வாய்ப்பு நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும். மூன்று, நான்கு இரவு இருப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுகிறது.

பலர் கவனிக்காத ஒன்று: மாரா ஆறு தான்சானியாவிலும் ஓடுகிறது. செரங்கெட்டியின் வடக்கே கோகடெண்டே பக்கம் தங்கினால் அங்கிருந்தே பார்க்கலாம், இதற்காகக் கென்யா எல்லையைத் தாண்டத் தேவையில்லை. மசாய் மாராவில் வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் 2024இல் இருந்து ஜூலை முதல் டிசம்பர் வரை நாளொன்றுக்கு 200 டாலர், மற்ற மாதங்களில் 100. நிறுவனம் சொல்லும் தொகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. கரையில் வண்டிகள் போட்டி போட்டுக்கொண்டு முன்னே போய் விலங்குகள் ஏறும் இடத்தை அடைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மேலே ஏற வழியில்லாமல் அவை ஆற்றுக்குள்ளேயே திரும்பித் தத்தளிக்கும். பார்க்கவே நெஞ்சு பதறும். "நாங்கள் பின்னால் நின்றே பார்த்துக்கொள்கிறோம்" என்று உங்கள் வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பயணிகள் திட்டுவார்களோ என்ற பயத்தில்தான் பல வழிகாட்டிகள் முண்டியடிக்கிறார்கள்.

ஆகஸ்டில் முடியாதவர்கள் பிப்ரவரியை யோசிக்கலாம். செரங்கெட்டியின் தெற்கே நடுட்டு சமவெளியில் சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கான கன்றுகள் பிறக்கும் காலம் அது. பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து நிற்பதைப் பார்க்க, எனக்கு ஆற்றைக் கடப்பதைவிட அதிக விருப்பம். ஆனால் பிப்ரவரியில் போட்ஸ்வானா, ஜாம்பியா பக்கம் மழைக்காலம், விலங்குகள் சிதறிப் போயிருக்கும். கிழக்கையும் தெற்கையும் சேர்த்து ஒரே பயணம் என்றால் ஜூலை முதல் அக்டோபர் வரைதான் இரண்டுக்கும் பொருந்தும்.

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, முழங்கால் வலி உண்டு. மலை கொரில்லாவைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. ருவாண்டாவா, உகாண்டாவா?

பதில்: அப்பாவை அழைத்துப் போங்கள். ருவாண்டாவில் அனுமதிச் சீட்டு ஒருவருக்கு 1,500 டாலர். உகாண்டாவில் 2024 ஜூலையில் இருந்து 800. இரண்டிலும் ஒரு கொரில்லா குடும்பத்தைப் பார்க்க எட்டுப் பேருக்கு மேல் விடமாட்டார்கள், கண்டுபிடித்த பிறகு ஒரு மணி நேரம்தான், 15 வயது ஆகியிருக்க வேண்டும்.

முழங்காலை நினைத்து நான் ருவாண்டாவைச் சொல்வேன். கிகாலியில் இருந்து எரிமலைத் தேசியப் பூங்காவுக்கு இரண்டரை மணி நேரம், நல்ல சாலை. உகாண்டாவின் பிவிண்டி காட்டில் சரிவுகள் செங்குத்து, சேறு, கொடிகள் பின்னிக் கிடக்கும். எங்கே போனாலும், காலையில் குழு பிரிக்கும்போது அப்பாவின் முழங்காலைப் பற்றி வழிகாட்டி மூலம் தெளிவாகச் சொல்லுங்கள். அருகில் இருக்கும் குடும்பத்தை ஒதுக்க முயற்சி செய்வார்கள். சுமை தூக்கும் உள்ளூர்க்காரர் ஒருவரைக் கட்டாயம் அமர்த்துங்கள், ஏறும்போது கை கொடுப்பார், அவருக்கும் அது வருமானம். நடக்கவே முடியாவிட்டால் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போகும் ஏற்பாடும் உண்டு, முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அன்றைக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் அனுமதிக்க மாட்டார்கள். நம்முடைய சளி கொரில்லாவின் உயிருக்கே ஆபத்து என்பதால் அந்த விதியில் எனக்கு முழு சம்மதம். அதனால் இறங்கிய மறுநாளே மலையேறாமல் ஒரு நாள் ஓய்வு வையுங்கள்.

கேள்வி: ஒரே விசாவில் எத்தனை நாடு போகலாம்? மஞ்சள் காய்ச்சல் ஊசி தேவையா?

பதில்: கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா 100 டாலர், 90 நாள், கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்து. தான்சானியா அதில் இல்லை. காசா (KAZA) யூனிவிசா என்பது ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும், 50 டாலர், 30 நாள். அன்றே திரும்பினால் போட்ஸ்வானாவை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம், இரவு தங்கினால் அது செல்லாது. எல்லா பாஸ்போர்ட்டுக்கும் இவை கிடைக்காது. போட்ஸ்வானா விதியும் தனி. அதனால் டிக்கெட் எடுக்கும் முன் அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் பாருங்கள்.

ஊசி விஷயத்தில் நாடுகளின் வரிசை முக்கியம். கென்யாவில் இருந்து தான்சானியாவுக்கோ தென்னாப்பிரிக்காவுக்கோ போனால் மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்பார்கள். குறைந்தது 10 நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். 2016இல் இருந்து ஒருமுறை போட்டால் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். மலேரியா மாத்திரைக்கு மருத்துவரைத் தனியாகப் பாருங்கள்.

கேள்வி: நான்கு நிறுவனங்களிடம் விலை வாங்கியிருக்கிறேன். எல்லாத் திட்டமும் ஒரே மாதிரி இருக்கிறது, விலை மட்டும் ஏகப்பட்ட வித்தியாசம். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: லாட்ஜ் படங்களை ஒதுக்கி வைத்துவிட்டு வண்டியையும் வழிகாட்டியையும் பற்றிக் கேளுங்கள். அங்கே உள்ளூரில் நடத்துவது யார்? விளம்பரம் செய்யும் பல நிறுவனங்கள் நைரோபியிலும் அருஷாவிலும் உள்ள வேறொருவரிடம் உங்களை ஒப்படைத்துவிடும். அந்த உள்ளூர் நிறுவனத்தின் பெயரும் உரிமமும் எழுத்தில் வேண்டும். வண்டி கூரை திறக்கும் லேண்ட் குரூசரா, மினிவேனா? ஒரு வண்டியில் எத்தனை பேர், எல்லோருக்கும் ஜன்னல் இருக்கையா? ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்று ஏதும் வரம்பு உண்டா? நாடு மாறும்போது வழிகாட்டியும் மாறுவாரா? விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்தப் பதில்களில்தான் ஒளிந்திருக்கும். ஒரு குழுவுக்கு எழுத்தில் லேண்ட் குரூசர் என்று சொல்லிவிட்டு, காலையில் மினிவேனைக் கொண்டுவந்து நிறுத்திய நிறுவனத்தையும் பார்த்திருக்கிறேன். கையில் கடிதம் இருந்ததால் மதியத்துக்குள் வண்டியை மாற்ற முடிந்தது.

எங்கே ஓட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். தேசியப் பூங்காக்களில் பொதுவாகப் பாதையை விட்டு இறங்கக் கூடாது, இருட்டிய பிறகு உலாவவும் கூடாது. மாராவைச் சுற்றி மசாய் மக்களின் நிலத்தை வாடகைக்கு எடுத்து நடத்தும் தனிக் காப்பகங்களில் இரவு உலா, நடைப் பயணம் எல்லாம் உண்டு, ஒரு விலங்கைச் சுற்றி நிற்கும் வண்டிகளும் குறைவு. வாடகைப் பணம் நில உரிமையாளர்களுக்குப் போகிறது. கொஞ்சம் அதிகம் கொடுத்தாலும் அங்கே இரண்டு இரவு தங்குவதை நான் பலமாகச் சொல்வேன். நடந்தே காட்டைப் பார்க்க ஆசை என்றால் ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா. ஜிம்பாப்வேயில் நடைப் பயணத்துக்கு அழைத்துப் போகும் வழிகாட்டிகள் பல வருடப் பயிற்சியும் கடுமையான தேர்வும் முடித்தவர்கள். கென்யாவில் வழிகாட்டிகளுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தொழில்முறைத் தரம் உண்டு. எங்களுக்கு வருபவர் எந்தத் தரம் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

ஒரு நல்ல வழிகாட்டி என்ன செய்வார் தெரியுமா? செரங்கெட்டியில் ஒரு மாலை, ரேடியோவில் சிங்கம் என்று தகவல் வர, மற்ற வண்டிகள் எல்லாம் அங்கே பறந்தன. எங்கள் வழிகாட்டி எஞ்சினை அணைத்துவிட்டு இம்பாலா மான்களைக் காட்டினார். அத்தனையும் ஒரே பக்கம் காது நிமிர்த்தி நின்றன. முக்கால் மணி நேரம் கழித்து, அந்தப் பக்கத்துச் சரிவில் இருந்து ஒரு பெண் சிறுத்தை குட்டியோடு இறங்கி எங்களைத் தாண்டிப் போனது. ரேடியோவைத் துரத்தும் வழிகாட்டியோடு பத்து நாடு சுற்றினாலும் இது கிடைக்காது. பழைய பயணிகளிடம் பேச முடிந்தால், எத்தனை விலங்கு பார்த்தீர்கள் என்று கேட்பதை விட, உங்கள் வழிகாட்டி எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்று கேளுங்கள்.

அப்புறம், சிங்கக்குட்டியைத் தொடலாம், சிங்கத்தோடு நடக்கலாம் என்று திட்டத்தில் இருந்தால் அந்த நிறுவனத்தையே விட்டுவிடுங்கள். மனிதரோடு பழகிய குட்டி காட்டுக்குத் திரும்புவது மிகவும் கடினம்.

கேள்வி: சிறு விமானத்தில் எவ்வளவு சாமான் கொண்டுபோகலாம்?

பதில்: கிழக்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் 15 கிலோ, போட்ஸ்வானாவில் 20. கேமராவும் கைப்பையும் அதில் சேர்த்திதான். கெட்டிப் பெட்டி, சக்கரப் பெட்டி வேண்டாம், மடங்கும் துணிப்பைதான் விமானத்தின் அடியில் நுழையும். பிளாஸ்டிக் பை ருவாண்டா, கென்யா, தான்சானியா மூன்றிலும் தடை. அடர் நீலமும் கறுப்பும் கடிக்கும் ட்செட்சி என்ற ஈயை இழுக்கும், அந்த நிறத் துணிகளை விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஐந்து வயது மகளோடு மூன்று நாடு சஃபாரி போகலாமா?

பதில்: இந்த வயதில் ஒரு நாடு போதும், அது தென்னாப்பிரிக்காவாக இருக்கட்டும். மடிக்வே, பிலனெஸ்பெர்க், ஆடோ ஆகிய காப்பகங்கள் மலேரியா இல்லாத பகுதியில் இருக்கின்றன. பல லாட்ஜ்களில் ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளைத் திறந்த வண்டியில் மற்றவர்களோடு ஏற்ற மாட்டார்கள். தனி வண்டி கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். கிடைத்தால், குழந்தை சலித்துக்கொள்ளும்போது திரும்பிவிடலாம், யானைச் சாணத்தை வண்டு உருட்டுவதை அரை மணி நேரம் பார்க்க வேண்டும் என்றால் அதற்கும் நிறுத்தலாம். பெற்றோர் பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள், பெற்றோரில் ஒருவர் மட்டும் போனால் மற்றவரின் ஒப்புதல் கடிதமும் கையில் இருக்கட்டும்.