கொழும்பில் மனிதவளப் பணி

கேள்வி: சென்னை உதிரிபாகத் தொழிற்சாலையொன்றில் ஆறு ஆண்டுகளாக மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். கொழும்பு ஆடை ஏற்றுமதி நிறுவனமொன்று அழைத்திருக்கிறது. சிறிய பொருளாதாரம் என்பதால் அங்கே விதிமுறைகள் தளர்வாக இருக்குமா?
- வாசகி, அம்பத்தூர்

பதில்: அந்த எண்ணத்தோடு விமானம் ஏறிவிடாதீர்கள். ஆட்குறைப்பில் இலங்கை மிகவும் கறாரான நாடு. 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனம், ஒழுங்கு நடவடிக்கை அல்லாத காரணத்துக்காக ஒருவரை நீக்க விரும்பினால், 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவருடைய எழுத்துமூல ஒப்புதலையோ தொழில் ஆணையாளரின் (நம் ஊரில் தொழிலாளர் ஆணையர்) முன் அனுமதியையோ பெற்றாக வேண்டும். ஆகவே ஆளெடுப்பில் காட்டும் நிதானமே உங்கள் திறமைக்கு அளவுகோலாக இருக்கும். தெரிந்தவர் சிபாரிசு என்று அவசரப்பட்டு எடுத்தால், பிறகு திருத்துவது கடினம்.

நம் வருங்கால வைப்பு நிதியை அங்கே ஊழியர் சேமலாப நிதி என்பார்கள் (அழகான சொல்!). அதற்குச் சம்பளத்தில் ஊழியர் 8 சதவீதமும் நிறுவனம் 12 சதவீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதி என்ற இன்னொரு நிதிக்கும் நிறுவனம் தனியே 3 சதவீதம் தர வேண்டும். பணிக்கொடைக்கு இங்கு போலவே ஐந்தாண்டுக் கணக்குதான்.

உண்மையான தலைவலி வேறு: 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, தேர்ச்சி பெற்ற பலர் வெளிநாடு சென்றுவிட்டதால், இருப்பவர்களைத் தக்கவைப்பதே பெரும்பாடாக இருக்கும். சம்பளப் பேச்சின்போதே பயிற்சிக்கான நிதி ஒதுக்கீட்டையும் கேட்டுவிடுங்கள்.