முழங்கால் நடுங்குவது இறங்கும்போதுதான்

கேள்வி: காரைக்குடி பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். ஜனவரியில் 20 மாணவ மாணவியரைக் கொடைக்கானல் மலைக்கு அழைத்துப் போய் சவாலான ஒரு ட்ரெக்கிங், கூடவே இரண்டு இரவு டென்ட் முகாம் நடத்தலாம் என்று திட்டம். சாகசப் பயிற்சி என்று சொல்லித்தான் அனுமதி கேட்டிருக்கிறோம், அது வெறும் சுற்றுலாவாக முடிந்துவிடக் கூடாது. எங்கள் பக்கம் மலையே கிடையாது, பிள்ளைகளில் பெரும்பாலோர் மலை ஏறியதே இல்லை. இரண்டு மாதம் கையில் இருக்கிறது. எப்படித் தயார் செய்வது?

பதில்: மலையே கிடையாது என்று சொல்லிவிட்டீர்களே டீச்சர், பிரான்மலையை எங்கே விட்டீர்கள்? திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியாகப் போனால் உங்கள் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பாரியின் பறம்பு மலை என்று சொல்லப்படும் அதே மலை. அடிவாரத்தில் சிவன் கோயில், உச்சியில் தர்கா, கடல்மட்டத்திலிருந்து 2,000 அடிக்கு மேல் உயரம். உங்கள் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சிக் களம் தேடினாலும் கிடைக்காது. அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் திட்டத்தில் ஒன்றை மாற்ற வேண்டும்.

காட்டுக்குள் டென்ட் போட்டுத் தங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் கால் வைத்தால் அது குற்றம், கூட வந்த உள்ளூர்க்காரர் 'நான் பார்த்துக்கிறேன் வாங்க' என்று சொன்னது வழக்கில் உதவாது. 2024 அக்டோபரில் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. ஆன்லைனில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருவார்கள். பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். பெரும்பாலும் காலையில் போய் பகலிலேயே திரும்புகிற நடைதான். ஆகவே நடை காட்டில், தூக்கம் வெளியே: முறையான அனுமதி உள்ள முகாமிலோ விடுதி வளாகத்திலோ டென்ட் போடுங்கள், அனுமதிக் காகிதத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வண்டிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை, ஆளுக்கு இரண்டு நல்ல பாட்டில் வீட்டிலிருந்தே வரட்டும். ஜனவரி சரியான மாதம்தான், பிப்ரவரி நடுவில் காட்டுத்தீ காலம் தொடங்கினால் பாதைகளை மூடிவிடுவது வழக்கம். பொங்கல் வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், மலைப் பாதையில் வண்டி வரிசையிலேயே பாதி நாள் போய்விடும்.

எந்தப் பாதை என்று கேட்டால், கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்குப் போவதை நான் முதலில் பார்ப்பேன். டால்பின் நோஸ் பாறை தாண்டி இறங்கிக்கொண்டே போகும், வேர்களும் கல்லும் சரிவுமாக. வெள்ளகவி நெடுங்காலம் சாலையே இல்லாமல் இருந்த ஊர், ஊருக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிற வழக்கம் அங்கே உண்டு, பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்தப் பாதையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாதாரண மலையில் முதலில் ஏறுவோம், களைத்தபின் இறங்குவோம். இங்கே தலைகீழ். தெம்பாக இருக்கும்போது இறங்கிவிடுகிறோம், 'இவ்வளவுதானா?' என்று தோன்றும், திரும்பி ஏற வேண்டியது அப்புறம்தான் உறைக்கும். பையன்கள் ஓடி இறங்குவார்கள், அதை அனுமதிக்கவே கூடாது.

சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்கு மூச்சு வாங்குவது பெரிய பிரச்சினை இல்லை, நின்றால் சரியாகிவிடும். கொடைக்கானல் சுமார் 7,000 அடிதான், உயரத்தால் வரும் தலைவலி, மயக்கம் எல்லாம் பொதுவாக 8,000 அடிக்கு மேல்தான். உண்மையில் ஆளை வீழ்த்துவது இறக்கம். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போதோ அதே தசை உடல் எடையைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது, மலையிறங்கும் லாரியின் பிரேக் மாதிரி. பழக்கமில்லாத தசையில் நுண்ணிய கிழிசல்கள் விழும். வலி அன்றைக்கே முழுதாகத் தெரியாது, ஒன்றிரண்டு நாளில்தான் உச்சத்துக்குப் போகும். நீங்கள் முதல் நாள் ஒரு பெரிய நடை, இரண்டாம் நாள் இன்னொன்று என்று போட்டிருந்தால், இரண்டாம் நாள் காலை கழிப்பறையில் குந்த முடியாமல் பாதிப் பேர் புலம்புவார்கள். நல்ல செய்தி என்னவென்றால், இந்த வலியை ஒருமுறை வாங்கிக்கொண்ட தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே அளவு பாதிக்கப்படுவதில்லை. ஆகவே அந்த வலியை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும்.

முதல் மூன்று வாரம் கல்லூரி மாடிப்படி போதும். வாரம் நான்கு நாள், 40 நிமிடம், ஏறுவது எப்படியோ போகட்டும், இறங்குவதை மட்டும் நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒவ்வொரு படியிலும் முழங்கால் உள்பக்கம் சாயாமல், பாதம் சத்தமில்லாமல் பதிய வேண்டும். தடதடவென்று சத்தம் வந்தால் தசை வேலை செய்யவில்லை, மூட்டுதான் அடி வாங்குகிறது. வீட்டில் செய்வதற்கும் ஒன்று: முகப்புப் படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலை நாலு எண்ணும் வரை மெதுவாகக் கீழே இறக்கித் தரையைத் தொட்டு எடுப்பது, காலுக்குப் பத்து முறை. பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், ஏழாவது தடவையில் தொடை நடுங்கும். முதுகுப் பையில் தண்ணீர் பாட்டில்களை வைத்து 3 கிலோவில் தொடங்கி வாரம் ஒரு கிலோ கூட்டுங்கள், 8 கிலோவில் நிறுத்திக்கொள்ளலாம்.

நாலாவது வாரம் பிரான்மலை. விடிகிற நேரத்தில் ஏறத் தொடங்கிவிடுங்கள், எட்டரை ஒன்பதுக்கெல்லாம் பாறை காய ஆரம்பித்துவிடும். கோயிலும் தர்காவும் உள்ள இடம், கூச்சல் வேண்டாம். ஐந்தாவது வாரம் முடிந்தால் புதுக்கோட்டை பக்கத்து நார்த்தாமலைக்கு ஒரு நடை, அந்தச் சரிவான வெற்றுப் பாறையில் முழுப் பாதத்தையும் பதித்து நடக்கக் கற்றுக்கொடுங்கள், குதிகாலை மட்டும் ஊன்றுகிறவர்தான் வழுக்கி விழுவார். மறுபடி பிரான்மலை, இந்த முறை முழுச் சுமையோடு, பயணத்துக்குப் பத்து பதினைந்து நாள் முன்னதாக. கடைசி வாரம் லேசான நடை மட்டும்.

ஷூ விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். புது ஷூவை மலையில் திறப்பவருக்குக் கொப்புளம் நிச்சயம். வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிதாக வாங்கி, இந்தப் பயிற்சி முழுவதும் அதையே போட்டுப் பழக வேண்டும். இறங்கும்போது விரல் முன்னால் போய் முட்டுவதால்தான் நகம் கறுத்துப்போகிறது; முந்தின நாள் நகத்தை ஒட்ட வெட்டி, கணுக்கால் பக்கத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். எங்காவது சுள்ளென்று சுடுகிறது என்று ஒரு பிள்ளை சொன்ன உடனே மொத்தக் குழுவும் நின்று, அந்த இடத்தில் டேப் ஒட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். ஐந்து நிமிடம்தான் ஆகும். கொப்புளம் வந்தபின் ஒவ்வொரு கிலோமீட்டரும் அதைவிட அதிக நேரம் எடுக்கும்.

நேரக் கணக்குக்கு 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன விதி இன்றைக்கும் உதவுகிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 12 கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய நாலு மணி நேரம் வரும். புதியவர்கள், சுமை, 20 பேர் கூட்டம், இதையெல்லாம் சேர்த்து ஒன்றரை மடங்கு போடுங்கள்: ஆறு மணி நேரம். அதற்கு மேல் சாப்பாடு, ஓய்வு. ஜனவரியில் ஆறேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும், பள்ளத்தாக்கில் அதற்கு முன்னமே இருட்டும். ஆகவே கிளம்பும் முன்பே திரும்பும் நேரம் ஒன்றை எழுதி எல்லோரிடமும் காட்டிவிட வேண்டும். மதியம் 12 என்றால் 12, இலக்கு கண்ணுக்கு எதிரே தெரிந்தாலும் திரும்புவதுதான். வழிகாட்டி அதற்கு முன்பே திரும்பச் சொன்னால் அவர் சொல்வதுதான் முடிவு.

இருபது பேரை ஒரே வரிசையில் விட்டால் முன்னால் போகிறவருக்கும் கடைசி ஆளுக்கும் கால் மணி நேர இடைவெளி விழும். பத்துப் பத்தாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு முன்னவர், ஒரு கடைசி ஆள். கடைசி ஆளைத் தாண்டிப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. மெதுவாக நடக்கிற பிள்ளையை முன்னவருக்கு அடுத்து இரண்டாவதாக விடுங்கள். பின்னால் விட்டால் அந்தப் பிள்ளை வந்து சேரும்போது மற்றவர்கள் ஓய்வெடுத்து முடித்துக் கிளம்புவார்கள், ஓய்வே கிடைக்காது, அழுகை வரும். எல்லோர் கழுத்திலும் ஒரு விசில் இருக்கட்டும். காட்டெருமை தெரிந்தால் செல்பிக்குக் கிட்டே போகாமல் சத்தமில்லாமல் பின்வாங்கி வழி விட வேண்டும், இதைப் பெண்களைவிடப் பையன்களுக்கு இரண்டு முறை கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

குளிரை நம் பக்கத்து ஆட்கள் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும், காரைக்குடிக்கும் கொடைக்கானலுக்கும் உயரத்தால் மட்டுமே 12, 13 டிகிரி வித்தியாசம். ஜனவரி இரவில் 10 டிகிரிக்குக் கீழே சர்வசாதாரணமாகப் போகும். ஜீன்ஸும் பருத்திப் பனியனும் வியர்வையில் நனைந்தால் காயாது, நின்ற உடனே உடம்பு நடுங்கத் தொடங்கும். பாலியஸ்டர் விளையாட்டு டி-ஷர்ட் போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. முகாமில் மாற்றுவதற்கு ஒரு செட் காய்ந்த துணியைப் பிளாஸ்டிக் உறையில் கட்டித் தனியாக வைத்திருக்க வேண்டும், அதை நடையில் தொடவே கூடாது. இரவில் குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும், இரண்டாவது போர்வைக்குப் பதில் தடிமனான ஃபோம் விரிப்பு எடுங்கள். டென்டுக்குள் அடுப்போ கரிச்சட்டியோ கொண்டுபோகவே கூடாது. குளிருக்கு இதமாக என்று மூடிய டென்டுக்குள் கரி மூட்டித் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். பயணத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு யாராவது ஒருவருடைய தோப்பில் எல்லோரும் டென்ட் போட்டுத் தூங்கிப் பாருங்கள். இருட்டில், டார்ச் வெளிச்சத்தில் போடப் பழக வேண்டும்.

சாப்பாட்டில் உங்கள் ஊருக்கு அடித்தது யோகம். காட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் கெடாத, கனமில்லாத, சக்தி தருகிற தீனிதான் வேண்டும், ஆச்சிமார் வீடுகளில் அதற்குப் பஞ்சமா? மாவுருண்டை, பொரிவிளங்காய் உருண்டை, சீப்புச்சீடை எல்லாம் பையில் நாள்கணக்கில் நிற்கும். மணிக்கு ஒரு உருண்டை, கூட நாலு வாய் தண்ணீர். மதியத்துக்குப் புளிச்சாதம். முந்தின இரவு மிளகு தூக்கலாகக் கோழிக்குழம்பு வேண்டவே வேண்டாம், மறுநாள் காலை பாதையில் கழிப்பறை கிடையாது. தண்ணீர் ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் கணக்கு. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, அளவு தப்பக் கூடாது.

முதல் நாள் பேருந்திலேயே ஐந்தாறு மணி நேரம் போய்விடும். ராத்திரி முழுக்க வண்டியில் பாட்டுப் போட்டு ஆடிவிட்டு விடிந்ததும் மலையேறுவது பல குழுக்கள் செய்கிற வேலை, விபத்துக்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை. பகலில் போங்கள், மாலை டென்ட், நல்ல தூக்கம். இரண்டாம் நாள் பெரிய நடை. மூன்றாம் நாள் திரும்புவது.

பெண் பிள்ளைகள் வருவதால் நீங்கள் தவிர இன்னொரு பெண் பொறுப்பாளர் கட்டாயம். மாதவிடாய் நாள் வந்தால் சொல்லத் தயங்காத மாதிரி முன்பே பேசிவிடுங்கள், நாப்கினையும் பயன்படுத்தியதைக் கொண்டுவர மூடிய உறையையும் பொதுப் பையில் வைத்துவிடுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இரண்டு இன்ஹேலர், ஒன்று அதனிடம், ஒன்று உங்களிடம். பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது மூன்றும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்துத் தூக்கிக்கொண்டு விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, பயிற்சி என்ற பெயருக்கு நியாயம் எங்கே என்று கேட்டீர்கள். பாதையைக் கடினமாக்கி அதைத் தேடாதீர்கள். நேரக் கணக்கைப் பிள்ளைகள் போடட்டும், சாப்பாட்டு எடையை அவர்கள் நிறுக்கட்டும், முன்னவர் பொறுப்பை மணிக்கு ஒருவராக மாற்றிக் கொடுங்கள், பின்னால் திரும்பிப் பார்க்காமல் வேகமாகப் போனவரிடம் அன்று இரவு குழு முன்னால் காரணம் கேளுங்கள். இதில் உண்மையான பிடிப்பு வந்த ஒன்றிரண்டு பேர் தேறினால், 1954-இல் தொடங்கிய டார்ஜிலிங் இமாலய மலையேற்றக் கழகம், உத்தரகாசியின் நேரு மலையேற்றக் கழகம் இரண்டிலும் அடிப்படைப் பயிற்சி உண்டு, ஏறக்குறைய நான்கு வாரம்.

இரண்டாவது பிரான்மலை நடையை ஒரு தேர்வாகவே வைத்துக்கொள்ளுங்கள். முழுச் சுமையோடு இறங்கி வந்து அடிவாரத்தில் கைப்பிடி இல்லாமல் உட்கார்ந்து எழ முடியாதவர்களுக்கு வெள்ளகவி வேண்டாம். அதற்காக அவர்களை ஊரில் விட்டுவிடவும் வேண்டாம், முகாம் பொறுப்பு அவர்களுக்கு. குழு எத்தனை மணிக்குக் கிளம்பியது, எப்போது திரும்ப வேண்டும், தாமதமானால் யாரை அழைப்பது என்ற தாள் அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும்.