பென்ஷனில் வந்த பிறகு ஏறிய குடி: படைவீரர் வீடுகளிலிருந்து வந்த கேள்விகள்

ராணுவ மருத்துவப் படையில் 24 வருடம் நர்சிங் உதவியாளராக இருந்தேன். கடைசி ஒன்பது வருடம் மனநல வார்டு. குடியை விட வந்த ஜவான்களின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே அந்த வருடங்களின் இரவுகள் போயின. இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். இந்தப் பக்கத்துப் படைவீரர் வீடுகளிலிருந்து கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் முக்கால்வாசி பெண்கள் எழுதியவை. பெயர்களை எடுத்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை, அதனால் எந்த மருந்துக்கும் அளவு சொல்ல மாட்டேன்.

ஐயா, என் வீட்டுக்காரர் 17 வருடம் சர்வீஸ். லீவில் வந்தால் மட்டும் குடிப்பார். பென்ஷனில் வந்து மூன்று வருடம் ஆகிறது, இப்போது தினமும் ஒரு குவார்ட்டர். கேட்டால் “மிலிட்டரிக்காரன் குடிக்காமல் இருப்பானா” என்கிறார். இது பழக்கமா, வியாதியா? (நெல்லிக்குப்பம்)

முதலில் கணக்கைப் பார்ப்போம் அம்மா. ஒரு குவார்ட்டர் 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியானால் ஒரு குவார்ட்டருக்குள் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. ஒரு ஸ்மால், அதாவது 30 மில்லி, 10 கிராம். உங்கள் வீட்டில் தினமும் ஆறு ஸ்மால் உள்ளே போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விப் பட்டியலில், ஒரே நேரத்தில் ஆறு ஸ்மால் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று தனியாகவே ஒரு கேள்வி உண்டு. அதற்கு இவர் சொல்ல வேண்டிய பதில் ‘தினமும்’.

வார்டில் நாங்கள் முதலில் கேட்பது நாலே கேள்விதான். குறைக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்தீர்களா? யாராவது குடியைப் பற்றிப் பேசினால் எரிச்சல் வருகிறதா? குடித்ததை நினைத்துக் குற்ற உணர்வு வந்திருக்கிறதா? காலையில் கண் விழித்ததும் நடுக்கம் நிற்க ஒரு வாய் வேண்டியிருக்கிறதா? இரண்டுக்கு ஆமாம் என்றால் டாக்டரிடம் போயே ஆக வேண்டும். கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால் நாளைக்கே போங்கள்.

சர்வீஸில் இருந்தபோது அவர் குடித்திருப்பார். ஆனால் அங்கே குடியைச் சுற்றி நாலு சுவர் இருந்தது. விடியற்காலையில் பி.டி. என்ற உடற்பயிற்சி, சாயங்காலம் ரோல் கால் என்ற ஆள் கணக்கெடுப்பு, மதுவுக்கு இவ்வளவுதான் என்று ராணுவக் கேன்டீன் கோட்டா. மிஞ்சினால் 1950ஆம் வருட ராணுவச் சட்டத்தின் 48ஆவது பிரிவு. டியூட்டியில் போதையில் பிடிபட்ட ஜவானுக்கு இரண்டு வருடம் வரை சிறை கொடுக்கலாம் என்கிறது அது. ஊருக்கு வந்த அன்று அந்தச் சுவர் நான்கும் விழுந்துவிடுகின்றன. நாற்பது வயதுகூட ஆகாத ஆள், மாதம் பிறந்தால் பென்ஷன், காலையில் எழுப்ப ஆளில்லை, முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரிக் கடைகள். “சார்” என்று கூப்பிட்டவர்களும் இல்லை. நான் பார்த்தவரை சியாச்சினைவிட இந்த முதல் மூன்று வருடம்தான் நிறைய பேரைக் கவிழ்த்திருக்கிறது. அதனால் மருந்தோடு ஒரு வேலையும் தேடுங்கள். செக்யூரிட்டி வேலையோ சொந்த நிலமோ, காலை ஆறு மணிக்கு அவருக்காக ஒருவர் காத்திருக்கும் வேலையாக இருந்தால் போதும். நைட் டியூட்டி மட்டும் வேண்டாம்.

சாம்பாரில் கலந்து கொடுத்தால் குடியை வெறுக்க வைக்கும் மாத்திரை இருக்கிறதாமே? தெரியாமல் கொடுக்கலாமா? (குறிஞ்சிப்பாடி, ஒரு தாயார், இதையே இன்னும் நாலு பேர் கேட்டிருக்கிறார்கள்)

வேண்டாம் அம்மா. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அது டைசல்ஃபிரம். உடம்பில் சாராயம் உடையும்போது நடுவில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சு உண்டாகும். அதை அப்புறப்படுத்தும் நொதியை இந்த மாத்திரை கட்டிப்போட்டுவிடும். அதற்கு மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவருக்கு உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தின பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கும்.

அவருக்குத் தெரிந்து, அவரே சம்மதித்து, ஈரலையும் இதயத்தையும் சோதித்த பிறகு, தினமும் காலையில் மனைவி கையிலிருந்து வாங்கிப் போட்டுக்கொண்டால் அது நல்ல மருந்து. அப்படி வருடக்கணக்காக நிதானமாக இருப்பவர்களை எனக்குத் தெரியும். திருட்டுத்தனமாகக் கொடுத்தால், உண்மை தெரியும் அன்றைக்கு உங்கள் கைச் சாப்பாட்டின் மேல் இருக்கும் நம்பிக்கையும் சேர்ந்து போய்விடும். நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகளும் உண்டு. எது பொருந்தும் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

அண்ணே, நானே நிறுத்திவிடலாம் என்று வைராக்கியமாக இரண்டு நாள் இருந்தேன். கை நடுங்கியது, தூக்கமே இல்லை, சுவரில் பூச்சி ஊர்வது போல் தெரிந்தது. பயந்துபோய்த் திரும்பக் குடித்துவிட்டேன். எனக்கு மனவுறுதி இல்லையா? (அரியாங்குப்பம், முன்னாள் நாயக்)

தம்பி, இதற்கும் மனவுறுதிக்கும் சம்பந்தமே இல்லை. வருடக்கணக்கில் தினமும் குடித்த மூளை திடீரென்று நிறுத்தினால் அலறும். ஆறு மணி நேரத்திலேயே நடுக்கம் ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நாலாவது நாளுக்குள் ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவது, இல்லாத பூச்சியைப் பிடிப்பது, காய்ச்சல், வேர்வை. இந்த நிலையைக் கவனிக்காமல் விட்டால் சாவு வரும். நீ பார்த்த பூச்சி அதன் வாசல்படி.

அடுத்த முறை வீட்டில் நிறுத்தாதே. ஜிப்மர் மனநலத் துறையில் போதை மீட்புப் பிரிவு இருக்கிறது, கோரிமேடு உனக்கு ஒரு பஸ் தூரம்தான். கடலூர்க்காரர்கள் அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் போகலாம். நடுக்கத்தை அடக்க மாத்திரை கொடுத்து, அதை நாளுக்கு நாள் குறைத்து, ஒரு வாரம், பத்து நாளில் இறக்கிவிடுவார்கள். கூடவே தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும் போடுவார்கள். குடிப்பவர் உடம்பில் அது வற்றியிருக்கும். அது இல்லாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்கு நிரந்தரச் சேதம் வரலாம். வேறு எங்காவது அவசரமாகச் சேர்க்க நேர்ந்தால், “தினமும் குடிப்பவர்” என்று வாசலிலேயே சொல்லச் சொல்லி உன் மனைவியிடம் சொல்லி வை. வெட்கப்பட்டு மறைத்து ஆளையே இழந்தவர்கள் உண்டு.

தனியார் மறுவாழ்வு இல்லத்தில் ஆறு மாதம் பூட்டி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். வீட்டுக்கே வந்து தூக்கிப்போவார்களாம். சேர்க்கலாமா? (பண்ருட்டி)

என்னோடு ஒரே வார்டில் வேலை செய்த ஒருவரை அவர் தம்பிகள் அப்படி ஓர் இல்லத்தில் விட்டார்கள். இருபது நாள் கழித்து நான் போய்ப் பார்த்தேன். மணிக்கட்டில் கயிற்றுத் தழும்பு. டாக்டர் கிடையாது. முன்பு அங்கேயே இருந்தவர்கள் கையில் தடி. அன்றைக்கே கூட்டிவந்துவிட்டோம். குடியை அவர் பிறகு ஜிப்மரில் விட்டார், ஆனால் தம்பிகளோடு இன்றுவரை பேச்சில்லை. எனக்கு அந்தத் தழும்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடி, போதை சார்ந்த நிலைகளும் வருகின்றன. இல்லம் பதிவு பெற்றிருக்க வேண்டும். சம்மதிக்க முடியாத நிலையில் இருப்பவரைச் சேர்க்கவும் தனி விதி இருக்கிறது, அதற்கும் முதலில் 30 நாள்தான் வரம்பு. பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். மனநல டாக்டர் எந்தெந்தக் கிழமை வருகிறார் என்று கேளுங்கள். குடும்பத்தை உள்ளே விடாத இடத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டிடிகே மருத்துவமனை, நோயாளியோடு குடும்பத்துக்கும் ஆலோசனை கொடுப்பதையே தன் வழியாக வைத்திருக்கிறது. சரியான இடம் என்றால் இப்படித்தான் இருக்கும்.

பென்ஷன்காரர்கள் இசிஎச்எஸ் என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் அட்டையை மறக்க வேண்டாம். பாலிகிளினிக் டாக்டரிடம் முதலில் காட்டி, பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கு ரெஃபரல் வாங்குங்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் பட்டியல் மருத்துவமனைக்கு நேராகவே போகலாம்.

சார், என் கணவர் அசாமில் சர்வீஸில் இருக்கிறார். எட்டு மாதமாகப் பணம் அனுப்பவில்லை. போனில் போதைக் குரல்தான். யூனிட்டுக்குச் சொன்னால் வேலை போய்விடும் என்கிறார் மாமியார். ஒரு கைக்குழந்தை இருக்கிறது. (பாகூர்)

தங்கச்சி, சொல்லாமல் இருந்தால்தான் வேலை போகும். டியூட்டியில் மாட்டினால் விஷயம் தண்டனைப் பக்கம் போய்விடும். டிஸ்மிஸ் ஆனவருக்குப் பென்ஷனும் கிடையாது. குடியால் வந்த பாதிப்புக்கு ஊனப் பென்ஷனும் வராது. அதற்கு முன்பே யூனிட்டுக்குத் தெரிந்தால் விஷயம் மருத்துவப் பக்கம் போகும். யூனிட் டாக்டர் வழியாக, சிஓவின், அதாவது யூனிட்டுக்குத் தலைமை தாங்கும் அதிகாரியின், அறிக்கையோடு ராணுவ மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். உடல்தகுதியை ‘ஷேப்’ என்று ஐந்து எழுத்தில் மதிப்பிடுவார்கள், அதில் ‘எஸ்’ மனநலம். அதைத் தற்காலிகமாகக் கீழிறக்கி, குறிப்பிட்ட காலம் கண்காணித்து, நன்றாக இருந்தால் பழைய நிலைக்கு ஏற்றுவார்கள். அப்படித் திரும்பி வந்து பதவி உயர்வு வாங்கினவர்களுக்கு நானே சல்யூட் அடித்திருக்கிறேன். திரும்பத் திரும்ப விழுந்தால்தான் வெளியே அனுப்புவார்கள்.

சிஓவுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடு. அவர் நம்பர், ரேங்க், பெயர், கல்யாணத் தேதி, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகல் எல்லாம் இருக்கட்டும். “தண்டிக்க வேண்டாம், சிகிச்சை கொடுங்கள்” என்று முதல் வரியிலேயே எழுது. பணத்துக்குத் தனிப் பத்தி. மனைவியையும் பிள்ளையையும் கவனிக்காத படைவீரரின் சம்பளத்தில் பிடித்து நேராக மனைவிக்குக் கொடுக்க ராணுவச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஒரு நகலை அவருடைய சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கும், இன்னொன்றை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் கொடு. பெயரில் ‘முன்னாள்’ என்று இருந்தாலும் சர்வீஸில் இருப்பவரின் குடும்பமும் அங்கே போகலாம். புதுச்சேரிக்காரர்களுக்கு அங்கேயே தனித் துறை உண்டு.

யூனிட்டில் ஆவா என்ற ராணுவ மனைவியர் நலச் சங்கமும் இருக்கும். 1966இல் தொடங்கியது. ஆபீசர் வீட்டு அம்மாக்கள் நடத்துவது என்று நம்மவர்கள் தயங்குவார்கள். தயங்காதே, சிஓவின் மனைவி காதுக்குப் போன விஷயம் சீக்கிரம் நகரும். லீவில் வந்து கை நீட்டினால் பெண்கள் உதவி எண் 181க்குக் கூப்பிடு. 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டம் சீருடைக்காரருக்கும் பொருந்தும்.

குளிர்ப் பிரதேசத்தில் ரம் குடித்தால்தான் உடம்பு தாங்குமா?

தாங்காது. தோலுக்கு ரத்தம் பாய்வதால் சூடு போலத் தோன்றும், உடம்பின் உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும்.

அவர் கேன்டீன் கோட்டாவை நான் நிறுத்த முடியுமா? (வடலூர்)

மளிகைக்கும் மதுவுக்கும் அட்டை தனித்தனி. மது அட்டையை அவரேதான் திருப்பித் தர வேண்டும், நீங்கள் பிடுங்க முடியாது. சிகிச்சை தொடங்கும் வாரத்தில் கேட்டுப் பாருங்கள், அப்போது மனம் இளகியிருக்கும். வாங்கி வெளியில் விற்றுக் காசாக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது குற்றம், அட்டையும் போகும்.

வெளிநாட்டு ராணுவங்கள் இதை எப்படிக் கையாண்டன? (புதுச்சேரி, உளவியல் மாணவி)

எனக்குப் பிடித்த கேள்வி. 1971இல் வியட்நாமிலிருந்த அமெரிக்கச் சிப்பாய்களிடம் ஹெராயின் பரவிவிட்டது என்று தெரிந்து, ஊர் திரும்பும் ஒவ்வொருவருக்கும் சிறுநீர்ச் சோதனை வைத்தார்கள். போதை தெரிந்தால் விமானம் ஏற முடியாது, முதலில் சிகிச்சை. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் திரும்பினவர்களைத் தேடிப் போய்ப் பேசினார். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே அடிமையாகியிருந்தோம் என்றார்கள். ஆனால் அப்படி அடிமையாகியிருந்தவர்களில் ஊர் திரும்பின முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம் அளவுதான். இடம் மாறியதும், கூட்டாளி மாறியதும், சரக்கு கைக்கு எட்டாமல் போனதும் அதற்குப் பெரிய காரணம் என்று சொல்லப்பட்டது.

நம் ஆட்களுக்கு இது தலைகீழ் என்பதுதான் என் கவலை. சரக்குக்கு அளவு வைத்த இடத்திலிருந்து அளவில்லாத இடத்துக்கு வருகிறார்கள். சிகிச்சை முடிந்து வருபவரிடம் அதனால்தான் முதலில் வழியை மாற்றச் சொல்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தக் கடை இருக்கும் தெரு வேண்டாம், தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் பிள்ளைகளோடு நடங்கள்.

ஐந்து மாதம் குடிக்காமல் இருந்தார். தீபாவளிக்குப் பழைய யூனிட் நண்பர்கள் வந்தார்கள், மறுபடி ஆரம்பித்துவிட்டார். எல்லாம் வீணா? (பரங்கிப்பேட்டை)

இல்லை அம்மா. சர்க்கரை ஏறினால் திரும்ப டாக்டரிடம் போவதில்லையா? அதே மாதிரி இந்த வாரமே கூட்டிப்போங்கள். அந்த ஐந்து மாதம் ஈரலுக்கு ஓய்வு கிடைத்தது, உங்களுக்கும் தூக்கம் கிடைத்தது. திட்டாமல் ஒன்று மட்டும் கேட்டுக் குறித்து வையுங்கள்: முதல் கிளாஸ் யார் கையிலிருந்து, எந்த மணிக்கு? அடுத்த பொங்கலுக்கு அந்த மணியில் அவர் எங்கே இருக்க வேண்டும் என்பதை இப்போதே இருவரும் பேசி முடிவு செய்யலாம். ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ். தமிழில் பேசுவார்கள். படைவீரர்களுக்காகவே புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் அதன் தனிப் பிரிவும் தொடங்கியிருக்கிறார்கள்.

தாத்தா, நான் பன்னிரண்டாம் வகுப்பு. அப்பா என்னைத்தான் கடைக்கு அனுப்பி சோடா, சிப்ஸ் வாங்கிவரச் சொல்கிறார். ராத்திரி சத்தத்தில் படிக்க முடியவில்லை. நான் நன்றாகப் படித்தால் அவர் குடியை விடுவாரா? (ஊர் போட வேண்டாம் என்று எழுதியிருந்தாள்)

இல்லை கண்ணு. அவர் குடிப்பது உன் மார்க்கால் இல்லை, உன் மார்க்கால் அது நிற்கவும் போவதில்லை. அந்தப் பாரத்தை நீ சுமக்க வேண்டாம். கடைக்குப் போக முடியாது என்று பகலில், அவர் நிதானமாக இருக்கும்போது, அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல். ராத்திரி சத்தம் கூடினால் எந்த வீட்டுக்குப் போவது என்று அம்மாவும் நீயும் இன்றைக்கே முடிவு செய்து, புத்தகப் பையை அங்கேயே வைத்துவிடு. அடி விழுந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடு.

படிப்பை உனக்காகப் படி. முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குப் பிரதமர் கல்வி உதவித்தொகை இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் 60 சதவீதமாவது எடுத்து, தொழில்கல்விப் படிப்பில் முதல் வருடம் சேர்ந்ததும் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 3,000 ரூபாய். அப்பாவின் டிஸ்சார்ஜ் புக் நகலும் வங்கிப் புத்தகமும் எடுத்துக்கொண்டு அம்மாவோடு ஒரு சனிக்கிழமை மஞ்சக்குப்பம் வா, விண்ணப்பத்துக்கு என்னென்ன வேண்டும் என்று உட்கார்ந்து பார்ப்போம்.