பைக் எஞ்சினைக் கழற்றி மாட்டியபின் ஒரு இரும்புக் குண்டு மிஞ்சிவிட்டது. இது எதனுடையது?

நீங்கள் போட்டிருக்கும் படத்தைப் பார்த்ததும் எனக்கு அடிவயிறு ஒருமுறை கலங்கியது. பழைய பேப்பர் மேல் எண்ணெய் வழிய ஒரு குண்டு. என்ன வண்டி என்று எழுதவில்லை. கழற்றியது நீங்களா, மெக்கானிக்கா என்றும் இல்லை. ராத்திரி பதினொன்றரைக்குக் கேள்வி போட்டிருப்பதால் நீங்கள்தான் என்று வைத்துக்கொள்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

நான் மெக்கானிக் இல்லை, கணக்கு எழுதுகிறவன். "தெரியாத வேலையில் ஏன் கை வைத்தாய்" என்று கமென்டில் வரப்போகிறவர்கள் வரலாம். என் மனைவி கேட்டதைவிட நீங்கள் ஒன்றும் அதிகமாகக் கேட்டுவிடப் போவதில்லை.

என் வண்டி அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், 1994 மாடல். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்பது எனக்கே புரிந்தது. புது பிளேட் செட் வாங்கி, ராத்திரி முழுக்க ஆயிலில் ஊறப்போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் உட்கார்ந்தேன். கியர் ஆயிலை வடித்து, கிக்கரைக் கழற்றி, வலது பக்கக் கவரைத் திறந்து, ஸ்பிரிங்குகளை எடுத்தால் பிளேட்டெல்லாம் கையோடு வந்துவிட்டது. நடுவில் காளான் மாதிரி தலையோடு ஒரு சின்ன ராடு. அதை ஏன் உருவினேன் என்று கேட்காதீர்கள். துடைத்து வைக்கலாம் என்று தோன்றியது.

எல்லாவற்றையும் மாட்டியபின் கிளட்ச் லீவர் தொளதொளவென்று போனது. கேபிள்தான் நீண்டுவிட்டது என்று நினைத்து, புதுக் கேபிள் வாங்கிப் போட்டு, அட்ஜஸ்டரைக் கடைசிவரை திருகினேன். கிளட்ச்சைப் பிடித்தபடி முதல் கியரை அமுக்கினால் வண்டி தவளை மாதிரி ஒரு குதி குதித்துத் தூணில் முட்டி ஆஃப் ஆனது. மறுநாள் காலை, பாகங்களைக் கழுவிய தாம்பாளத்துப் பெட்ரோலைக் கொட்டும்போது "டிங்" என்று ஒரு சத்தம். பட்டாணி அளவில் ஒரு குண்டு.

வண்டியைத் தள்ளிக்கொண்டே ஒரு மெக்கானிக் கடைக்குப் போனேன். அங்கிருந்த பையன் குண்டைப் பார்த்தான், வண்டியைப் பார்க்கவில்லை. "சார், பால்ரஸ் போயிடுச்சு. எஞ்சினை இறக்கணும். கிராங்க்கையும் சேர்த்துப் பார்த்துடலாம், ஒன்பதாயிரம் ஆகும்" என்றான். பால்ரஸ் என்றால் பேரிங், வளையத்துக்குள் வரிசையாகக் குண்டுகள் உருளுமே, அது. நானும் தலையாட்டிவிட்டேன். கையில் பணம் இல்லாததால்தான் தப்பித்தேன்.

ஏடிஎம்முக்குப் போகிற வழியில் டீக்கடையில் அப்பாவுக்குப் பழக்கமான ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பழைய மெக்கானிக். கண் சரியில்லை என்று கடையை மூடிப் பல வருடம் ஆகிறது. குண்டைக் கொடுத்தேன். வேட்டி நுனியில் துடைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டினார்.

"தம்பி, கிளட்ச்சைப் பிடிச்சா இறுக்கமா இருக்கா, காத்தாப் போகுதா?"

"காத்தாத்தான் போகுதுங்க."

"நடு ராடை உருவுனியா?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் டீயை முடித்துவிட்டுச் சொன்னார். பால்ரஸ் உடைந்திருந்தால் குண்டுகளைப் பிடித்திருக்கும் கூடு முதலில் கிழிந்திருக்கும், ஆயிலில் இரும்புத் தூள் மின்னியிருக்கும், குண்டிலும் வடு விழுந்திருக்கும். இது கண்ணாடி மாதிரி இருக்கிறது. தனியாக ஒரே ஒரு குண்டு சுத்தமாக வெளியே வந்தால் அது தனியாகவே இருந்த குண்டு.

விஷயம் இதுதான். நீங்கள் லீவரைப் பிடிக்கும்போது எஞ்சினுக்குள் இரண்டு ராடுகள் வரிசையாக நின்று, கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடித்திருக்கும் பிரஷர் பிளேட்டைத் தள்ளுகின்றன. ஒன்று கிளட்ச்சோடு சேர்ந்து சுழலும், மற்றது சுழலாமல் தள்ள மட்டும் செய்யும். இரண்டும் நேராக முட்டினால் உரசித் தேயும் என்பதால் நடுவில் ஒரு குண்டு. அது இல்லாவிட்டால் அதன் அகலத்துக்கு இடைவெளி விழுந்துவிடும். லீவரை எவ்வளவு இழுத்தாலும் பிளேட் பிரியாது. நான் ராடை உருவியபோது எண்ணெய்ப் பசையில் அதன் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்து தாம்பாளத்தில் விழுந்திருக்கிறது.

அன்று மாலை அவரே வந்து, குண்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி, துளைக்குள் விட்டு ராடால் தள்ளினார். கவரை மறுபடி திறந்ததால், ஆயில் கசியாமல் கவருக்கு அடியில் வைக்கும் பேக்கிங் மட்டும் புதிது. பணம் வாங்கவில்லை.

அப்புறம் இதையும் சொல்லிவிடுகிறேன். அன்று தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் கறை விழுந்துவிட்டது. அதற்கு எங்கள் அபார்ட்மென்ட் சங்கத்திலிருந்து எழுத்துப்பூர்வமாக நோட்டீஸ்: பார்க்கிங்கில் "ஒர்க்‌ஷாப் நடவடிக்கை" கூடாதாம். அதே பார்க்கிங்கில் தினமும் காலையில் நாலு கார்களுக்கு ஓஸ் பைப் போட்டு அபிஷேகம் நடக்கிறது. மே மாதம் லாரித் தண்ணீருக்கு எல்லார் தலையிலும் சமமாகப் பங்கு போடுகிறார்கள். கார் இல்லாத நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டால் "விட்டுக்கொடுத்துப் போங்க சார்" என்கிறார்கள். கறையை நான் மரத்தூள் போட்டு அன்றைக்கே தேய்த்துவிட்டேன். சரி, விடுங்கள்.

எல்லா மெக்கானிக்கும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பையனுக்கு நிஜமாகவே தெரியாமல் இருந்திருக்கலாம். அவன் பிறக்கும்போது அந்த வண்டி உற்பத்தியே நின்றிருக்கும். "பார்ட்ஸ் கேட்லாக்கைப் பார்த்தால் தெரிந்திருக்குமே" என்பவர்களுக்கும் ஒரு கும்பிடு. பிறகு பார்த்தேன். இரண்டு ராடுகளுக்கு நடுவில் குட்டி வட்டமாகப் படமே போட்டிருக்கிறார்கள்.

உங்கள் வண்டி வேறாக இருந்தால் கதையும் வேறாக இருக்கலாம். முன் போர்க்கைக் கழற்றியிருந்தால், பழைய வண்டிகளில் ஹேண்டில்பார் திரும்புவதற்காக இருக்கும் கோன் செட்டில் குண்டுகள் தனித்தனியாகத்தான் இருக்கும். அதிலிருந்து ஒன்று உருண்டிருக்கலாம். குண்டாக இல்லாமல் குழாய்த் துண்டு மாதிரி ஏதாவது மிஞ்சியிருந்தால், அது பெரும்பாலும் கவர் நகராமல் உட்காரச் சொருகும் டவல் பின்.

முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் கிளட்ச்சைப் பிடித்துப் பாருங்கள். காற்றாகப் போகிறதா என்று எழுதுங்கள். வண்டி பெயர், எந்தப் பக்கக் கவர் என்பதும் வேண்டும். இன்னொரு படம் போடுவதானால் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்து எடுங்கள். இப்போதைய படத்தில் அது மிளகா, நெல்லிக்காயா என்றே தெரியவில்லை.