வீட்டுக்குப் பின்னால் டவர் வருகிறதா? முதலில் கேட் எங்கே என்று பாருங்கள்

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகர் பக்கம் 30க்கு 40 சைட்டில் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். எங்கள் தெரு ஒரு மதில் சுவரில் போய் முட்டி நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய ஃபேக்டரியை இடித்துவிட்டார்கள், எட்டு ஏக்கர் இடம். கீழே கடைகள், மேலே ஃபிளாட்டுகள், பக்கத்தில் ஓர் ஆபீஸ் டவர் என்று மிக்ஸட் யூஸ் ப்ராஜெக்ட் வருகிறதாம். எதிர்த்து மனு கொடுக்கக் கையெழுத்து வாங்குகிறார்கள். தடுக்க முடியுமா, இல்லை நல்ல விலை வரும்போதே விற்றுவிட்டுப் போய்விடலாமா?

பதில்: கையெழுத்துப் போடுங்கள், தப்பில்லை. ஆனால் "இந்த ப்ராஜெக்டே வேண்டாம்" என்ற ஒரு வரி மனுவை வைத்து எட்டு ஏக்கர் திட்டம் நின்றுபோய் நான் பார்த்ததில்லை. கேட் எந்த ரோட்டில், கழிவுநீர் எந்தக் குழாயில், பள்ளம் உங்கள் சுவரிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்று குறிப்பாகக் கேட்டு, அதையும் தோண்டுவதற்கு முன்பே கேட்டால், சிலது கிடைக்கும்.

முதலில் காகிதம். எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்பதற்குப் பெங்களூரில் இன்றைக்கும் கணக்கு 2015 மாஸ்டர் பிளான்தான். அதன் வரைபடத்தில் அந்த இடம் தொழிற்சாலை நிலம் என்று இருந்தால், குடியிருப்பும் கடையும் கட்டுவதற்கு நிலப் பயன்பாட்டை மாற்றியாக வேண்டும். கர்நாடகாவின் 1961 நகர, ஊரமைப்புச் சட்டத்தின் 14ஏ பிரிவுப்படி, மாற்றுவதற்கு முன் பத்திரிகையில் அறிவிப்புப் போட்டு ஆட்சேபனை கேட்க வேண்டும். யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் அந்த விளம்பரம் வரும், அவகாசமும் குறைவுதான். உங்கள் ஆட்சேபனைக்குச் சட்டப்படி இடமிருக்கும் நேரம் அது, அதைத் தவறவிடாதீர்கள். ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது என்றால் அந்த உத்தரவின் நகலைக் கேளுங்கள்.

அடுத்தது சுற்றுச்சூழல் அனுமதி. கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டாலே 2006 அறிவிக்கையின்படி அனுமதி வாங்க வேண்டும், எட்டு ஏக்கரில் இந்த மாதிரி ப்ராஜெக்ட் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது, அதனால் யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பம் கிடைக்கும். எவ்வளவு தண்ணீர், எத்தனை கார், எவ்வளவு மண் தோண்டுவார்கள், கழிவுநீர் எங்கே போகும் எல்லாம் பில்டரே எழுதிக் கொடுத்த கணக்கு. விற்பனை பிரோஷரில் இல்லாத விஷயங்கள் அதில் இருக்கும்! உட்கார்ந்து படியுங்கள்.

அதில் முதலில் தேட வேண்டியது கேட். உங்கள் தெரு அந்தச் சுவரில் முட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. மெயின் ரோட்டில் நெரிசல் என்று சொல்லி, "சர்வீஸ் என்ட்ரி" என்ற பெயரில் பின்பக்கச் சுவரை உடைத்து ஒரு கேட் வைப்பார்கள், அப்புறம் கடைகளுக்கு வரும் சரக்கு வண்டி, குப்பை லாரி, தண்ணீர் டேங்கர் மூன்றும் விடிகாலை நான்கு மணிக்கு உங்கள் வாசல் வழியாகத்தான் போகும். அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட் என்றால் ரோடுகள் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டவை, நீங்களாகக் குறுக்கே கேட் போட்டு மறிக்க முடியாது. அதனால் வரைபடத்தில் பின்பக்க வழி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்த ஒன்றை மட்டும் எதிர்த்து மனு எழுதுங்கள். ரோட்டு அகலத்தையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். எவ்வளவு கட்டலாம் என்பது முன்னால் இருக்கும் ரோட்டின் அகலத்தைப் பொறுத்தது. வரைபடத்தில் இருக்கும் அகலம் தரையில் இல்லையென்றால் உங்கள் கையில் இருக்கும் மிகப் பலமான கேள்வி அதுதான்.

தண்ணீர். 500 ஃபிளாட், வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 3.37 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கரில் 28 லோடு, இதில் ஆபீஸும் கடையும் சேரவில்லை. சுத்திகரித்த நீரைக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் திருப்பினால் இது குறையும், சரி. ஆனால் மிஞ்சும் சுத்திகரித்த நீர் எங்கே போகும் என்று கேளுங்கள். உங்கள் தெரு யுஜிடி லைன், அதாவது பாதாளச் சாக்கடை, வீடுகளை மனதில் வைத்துப் போட்ட சின்னக் குழாய். அதில் இதையும் இணைத்தால் மழை நாளில் மேன்ஹோல் மூடி உங்கள் வாசலில்தான் தூக்கும். பக்கத்தில் ராஜகாலுவே, அதாவது மழைநீர்க் கால்வாய், ஓடினால், 2015 பிளான் விதிப்படி அதன் நடுவிலிருந்து கால்வாயின் தரத்தைப் பொறுத்து 50, 25 அல்லது 15 மீட்டர் கட்டடம் இல்லாமல் விட வேண்டும், அதையும் அளக்கச் சொல்லுங்கள்.

பேஸ்மென்ட் தோண்டுவது தனிச் சங்கடம். மூன்று அடுக்கு பார்க்கிங் என்றால் பத்து மீட்டர் பள்ளம். ஊற்று நீரை மாதக்கணக்கில் பம்ப் வைத்து இறைப்பார்கள், பக்கத்து போர்வெல் வற்றுவதும் சுவர் விரிவதும் அப்போதுதான். ஜேசிபி வருவதற்கு முன்பே ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரை வைத்து வீட்டின் நிலையை எழுதி வாங்குங்கள், ஒவ்வொரு சுவரையும் தேதியோடு படம் எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையும் சிமென்ட் வைத்து ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், "அது பழைய விரிசல் சார்" என்ற பேச்சு எடுபடாது. செலவு ஒன்றும் பெரிதில்லை.

சத்தத்துக்குக் குடியிருப்புப் பகுதியில் வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபல். ஜெனரேட்டரும் ஏசி யூனிட்டும் உங்கள் பக்கச் சுவரோரம் வராமல் வரைபடத்திலேயே மாற்றச் சொல்லுங்கள், வந்த பிறகு புகார் கொடுத்து அலைவது பெரும்பாடு.

அனுமதி வரைபடத்தைக் கட்டுமானம் முடியும்வரை சைட்டிலேயே மாட்டி வைக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இல்லையென்றால் ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு, போடுங்கள். கர்நாடகாவில் ஒரு மனுவுக்கு ஒரே பொருள், 150 வார்த்தைக்குள். எல்லாக் கேள்வியையும் ஒன்றில் திணித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பழைய மாநகராட்சி 2025 செப்டம்பரில் ஐந்தாகப் பிரிந்துவிட்டதால், கிழக்கு மாநகராட்சி முகவரிக்கு அனுப்புங்கள்.

விற்பது பற்றி. இப்போதைக்கு வேண்டாம் என்பேன், குறிப்பாக ஏஜென்ட் தானாக வந்து கதவைத் தட்டினால். உங்கள் சைட் சுவரை ஒட்டியிருந்தால் அது பில்டருக்குக் கூடுதல் வழியாகவோ ரோட்டை அகலப்படுத்தும் துண்டாகவோ தேவைப்படலாம், அப்படியானால் அதன் விலை தெருவிலுள்ள மற்ற சைட்டுகளின் விலை இல்லை. கர்நாடகப் பத்திரப் பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் அக்கம்பக்கத்துச் சைட்டுகளுக்கு ஈசி (வில்லங்கச் சான்று) எடுத்துப் பாருங்கள். சமீபத்தில் இரண்டு மூன்றை ஒரே ஆளோ ஒரே கம்பெனியோ வாங்கியிருந்தால், அட்வான்ஸ் வாங்காதீர்கள். ஏஜென்டை விட்டுவிட்டு நேரே அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.