பயம் வந்தால் விசுவாசம் இல்லை என்று அர்த்தமா?

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு வயது 34. வீட்டுக்காரர் கப்பலில் எஞ்சினியர். வருஷத்தில் பாதி நாள் கடலில்தான். பிள்ளைகள் இரண்டு பேர். போன லெந்து (தவக்கால) நாட்களில் ஒரு ராத்திரி திடீரென்று நெஞ்சு படபடத்து, விரல்களெல்லாம் மரத்து, செத்துவிடுவேன் போல் இருந்தது. ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் அது திரும்பத் திரும்ப வருகிறது. ஒருநாள் கோயிலில் திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்க வரிசையில் நிற்கும்போது வந்து, வெளியே ஓடிவிட்டேன். அதிலிருந்து கோயிலுக்குப் போகவே பயம். அவர் கப்பல் எங்கே நிற்கிறது என்று ராத்திரியெல்லாம் போனில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஜெபக்குழுவில் "பயத்தின் ஆவி, உபவாசம் இருந்து விரட்டு" என்கிறார்கள். மாமியார் ஜெபக்குறைச்சல் என்கிறார். என் விசுவாசம் அவ்வளவுதானா அம்மா?
ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: மகளே, கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லவே இல்லை. கெத்செமனே தோட்டத்தில் நம் ஆண்டவர் "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று மாற்கு எழுதி வைத்திருக்கிறார். "புறம்பே போராட்டங்களும், உள்ளே பயங்களும் இருந்தன" என்று பவுல் கொரிந்து சபைக்குத் தன் நிலைமையை மறைக்காமல் எழுதினார். அவர்களைப் பார்த்து ஜெபக்குறைச்சல் என்று யாராவது சொல்வோமா?

நீ எழுதியிருப்பதைப் பார்த்தால், டாக்டர்கள் பேனிக் அட்டாக் என்று சொல்வதுபோலத்தான் இருக்கிறது. நர்ஸாக இருந்த காலத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ராத்திரி ஓடிவந்த எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஆபத்து ஏதும் இல்லாதபோதே உடம்பு ஆபத்து என்று நினைத்து அட்ரினலினைச் சுரந்துவிடுகிறது. இருதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சும் வேகமாகிறது. மூச்சு அளவுக்கு மீறி வாங்கும்போது இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோகும். விரல் மரப்பதும், உதட்டைச் சுற்றி ஊர்கிற மாதிரி இருப்பதும், தலை சுற்றுவதும் அதனால்தான். பெரும்பாலும் 10 நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய், அப்புறம் தானாக இறங்கிவிடும். இது தெரிந்திருந்தாலே பாதிப் பயம் போகும். இருந்தாலும் இ.சி.ஜி.யோடு நிறுத்திவிடாதே. தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல். அவற்றில் கோளாறு இருந்தாலும் இதே படபடப்பு வரும்.

உபவாசத்தைப் பற்றி உன்னிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். எலியா தீர்க்கதரிசியை நினைத்துப் பார். கர்மேல் மலையில் ஜெபித்து வானத்திலிருந்து அக்கினியை இறக்கின அதே மனிதர், தன்னைக் கொல்லத் தேடிய ராணி யேசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழ் விழுந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். அப்போது வந்த தூதன் பிரசங்கம் பண்ணவில்லை, "உன் விசுவாசம் எங்கே" என்றும் கேட்கவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்கிறான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கிறது. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துத் தூங்குகிறார். தூதன் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தரம் வந்து, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று திரும்பவும் சாப்பாடு கொடுக்கிறான். ஓரேப் மலையில் கர்த்தர் அவரோடு பேசியதெல்லாம் இதற்கு அப்புறம்தான். பயந்துபோன பிள்ளையைக் கர்த்தர் எப்படிக் கவனிக்கிறார் என்று முதலாம் இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் எழுதியே வைத்திருக்கிறது.

ஆகவே இப்போதைக்கு உனக்கு உபவாசமும் வேண்டாம், முழு இரவு ஜெபமும் வேண்டாம். வெறும் வயிறும் தூக்கமில்லாத ராத்திரியும் படபடப்பைக் கூட்டத்தான் செய்யும். ஜெபக்குழுவில் கேட்டால் நான் சொன்னதாகவே சொல். நேரத்துக்குச் சாப்பிடு. நாலு மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பீச் ரோட்டில் அரை மணி நேரம் நடந்துவிட்டு வா.

படபடப்பு வரும்போது இதைச் செய். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே மூக்கு வழியாக மெதுவாக மூச்சை இழு. "நான் தாழ்ச்சியடையேன்" என்று சொல்லிக்கொண்டு, அதைவிடக் கொஞ்சம் நீளமாக வெளியே விடு. வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். அப்படி விடும்போது இருதயத் துடிப்பு இறங்கும். வசனத்தை மந்திரம் மாதிரி உபயோகிக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகத் தெரிந்த சங்கீதத்தை, பயத்தில் வாய் குழறும்போது பிடித்துக்கொள்வதும் ஜெபம்தான். நல்ல நாளிலேயே தினமும் கொஞ்ச நேரம் பழகு. பழகாததை அந்த நேரத்தில் செய்ய வராது.

கோயிலை மட்டும் விட்டுவிடாதே. தப்பித்து ஓடும் ஒவ்வொரு தடவையும், அந்த இடமே ஆபத்து என்று மனது கற்றுக்கொள்ளும். வருகிற ஞாயிறு கடைசி பெஞ்சில், ஓரத்தில் உட்கார். படபடப்பு வந்தால் உட்கார்ந்த இடத்திலேயே மூச்சை விட்டுக்கொண்டு இரு. அது இறங்குகிறவரை எழுந்து போகாதே. பிறகு ஒவ்வொரு பெஞ்சாக முன்னே வா. திருவிருந்துக்கு உடனே போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. சபை போதகர் ஐயரிடம் முன்கூட்டியே சொன்னால் வரிசையில் கடைசி ஆளாக உன்னை நிறுத்துவார்.

அந்தக் கப்பல் ஆப் விஷயம். இலவசமாகக் கிடைக்கும் ஆப்களில் பெரும்பாலானவை கரையில் இருக்கும் ஆன்டெனாக்களுக்கு எட்டும் சிக்னலைத்தான் காட்டும். கப்பல் நடுக்கடலுக்குப் போய்விட்டால் புள்ளி பழைய இடத்திலேயே நிற்கும். அந்த நின்ற புள்ளியைத்தான் ராத்திரி முழுக்கப் பார்த்துத் தவிக்கிறாய். ஆப்பை எடுத்துவிடு. அதற்குப் பதிலாகச் சாயங்காலம் ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு, மனதில் இருக்கும் கவலையையெல்லாம் ஒரு நோட்டில் எழுது. எழுதினதை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபம் பண்ணிவிட்டு மூடி வை. ராத்திரி மறுபடியும் வந்தால், "நாளைக்கு எழுதுகிறேன் ஆண்டவரே" என்று சொல்லிப் படு.

மாமியாரிடம் கோபப்படாதே. கடலில் இருப்பது அவர் பெற்ற மகன். அவருக்கும் உள்ளே பயம் இல்லாமல் இருக்காது. குடும்ப ஜெபத்தில் 107ஆம் சங்கீதத்தை அவரையே வாசிக்கச் சொல்லிப் பார். கப்பலேறித் தொழில் செய்கிறவர்களைப் பற்றியும், கர்த்தர் அலைகளை அடக்குவதைப் பற்றியும் அதில் இருக்கிறது.

இதெல்லாம் செய்தும் சில வாரங்களில் குறையாவிட்டால் மனநல மருத்துவரைப் பார். எலியாவைப் போல, செத்தால் போதும் என்று எப்போதாவது தோன்றினால் வாரக்கணக்கில் காத்திருக்காதே. 14416 அரசாங்கத்தின் டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண். காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: மனப்பதற்றத்துக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை, விசுவாசத்தோடு நிறுத்தும்படி ஒரு சகோதரர் சொன்னார். நிறுத்தி நாலு நாள் ஆகிறது. தலை சுற்றுகிறது, தூக்கமே இல்லை. நான் செய்தது சரியா?
ஓய்வு பெற்ற ஆசிரியர், மார்த்தாண்டம்

பதில்: சார், சரியில்லை. இந்த மாத்திரைகளில் பலவற்றைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் நீங்கள் சொல்கிற அதே தொந்தரவுகள் வரும். டாக்டர் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். பவுலின் கூடவே பிரியமான வைத்தியன் லூக்கா இருந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் தொடங்கிய சி.எம்.சி. ஆஸ்பத்திரியும் மனநோய்க்கென்றே பாகாயத்தில் தனி மையம் நடத்துகிறது. விசுவாசிகள் நடத்துகிற ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மருந்து விசுவாசத்துக்கு எப்படி விரோதமாகும்? நாளைக்குக் காலையிலேயே உங்கள் டாக்டரிடம் போங்கள். நீங்களாக மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம். மருந்துச் சீட்டையும் மிச்சமிருக்கிற மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப்போய், எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள் என்று சொல்லுங்கள்.