கருமணல் முதல் கூடங்குளம் வரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தாது மணல், கூடங்குளம் உலைகள், அணுக்கழிவு ஆகியவை பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: எங்கள் ஊர்க் கடற்கரையில் கருமணல் கிடக்கும் இடத்தில் கதிர்வீச்சு மீட்டரை வைத்தால் மணிக்கு 2 மைக்ரோ சீவர்ட் காட்டுகிறது. நாகர்கோவிலில் அதில் பத்தில் ஒரு பங்குதான். வலை உலர்த்துவதும் பிள்ளைகள் விளையாடுவதும் இந்த மணலில்தான். பயப்பட வேண்டுமா?
(வாசகி, சின்னவிளை)

பதில்: கறுப்பாகத் தெரியும் மணிகள் இல்மனைட் என்ற டைட்டானியத் தாது. அவற்றில் கதிரியக்கம் மிகக் குறைவு. கொஞ்சம் மணலை வெள்ளைத் தாளில் பரப்பி, வலுவான காந்தம் ஒன்றை மேலே நகர்த்துங்கள். கறுப்பு மணிகள் காந்தத்தோடு போய்விடும். மிஞ்சும் மணிகளில் தேன் நிறத்தில் சில தெரிந்தால் அவை பெரும்பாலும் மோனசைட் என்ற தாது. கதிர்வீச்சு முக்கியமாக அதிலிருந்துதான் வருகிறது. நம் பக்கத்து மோனசைட்டில் ஏறத்தாழ 9 சதவீதம் தோரியம் என்ற கதிரியக்க உலோகத்தின் ஆக்சைடும், சிறிதளவு யுரேனியமும் உண்டு.

இரண்டும் சேர்ந்தே கிடப்பதற்குக் காரணம் எடைதான். சாதாரண வெள்ளை மணலின் அடர்த்தி 2.65. இல்மனைட் 4.7, மோனசைட் 5 அளவில் இருக்கும். அலை ஏறும்போது எல்லா மணலையும் கொண்டுவரும். திரும்பும்போது லேசானதை மட்டும் இழுத்துப்போகும். அதனால்தான் பருவக்காற்றில் கடல் கொந்தளித்து அடங்கியதும் கரையில் கறுப்புப் பட்டைகள் தெரிகின்றன. ஒரே இடத்தில் ஜூலையில் ஒரு அளவும் ஜனவரியில் வேறொரு அளவும் வருவது மீட்டரின் பழுதல்ல.

இனி அந்த 2 மைக்ரோ சீவர்ட். மீட்டரை மணலில் ஒட்டி வைத்தீர்களா, இடுப்புயரத்தில் பிடித்தீர்களா என்பது முக்கியம். விலை குறைந்த கைகர் மீட்டர்கள் மணலோடு ஒட்டி வைக்கும்போது பீட்டாக் கதிரையும் சேர்த்து எண்ணிக் கூட்டிக் காட்டும். தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் பிடித்து, 10 நிமிடம் அசையாமல் வைத்து, சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்த நேரம் அளந்தால் எண் குதித்துக்கொண்டே இருக்கும்: 100 துடிப்பு மட்டும் எண்ணினால் 10 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் இயல்பு. வீட்டுக்குள் கட்டில் இருக்கும் இடத்திலும் இதேபோல் அளக்க வேண்டும்.

பிறகு கணக்கு, எடுத்துக்காட்டாக. வெளியே 1 மீட்டர் உயரத்தில் மணிக்கு 1 மைக்ரோ சீவர்ட், தினமும் 4 மணி நேரம் என்றால் ஆண்டுக்குச் சுமார் 1.5 மில்லி சீவர்ட் (1,000 மைக்ரோ சீவர்ட் ஒரு மில்லி சீவர்ட்). வீட்டுக்குள் 0.3, தினமும் 20 மணி நேரம் என்றால் 2.2. கூட்டினால் 3.7. வெளியிலிருந்து உடம்பில் படும் இயற்கைக் கதிர்வீச்சின் உலகச் சராசரி ஆண்டுக்கு 0.9 அளவு, மூச்சில் போகும் ரேடான், உணவு எல்லாம் சேர்த்து 2.4. மீட்டர் முதல் வகையை மட்டும்தான் காட்டும். ஆக இந்த எண்களே உங்களுக்கும் வந்தால், உங்கள் நிலை சராசரியைப் போல நான்கு மடங்கு. இதே வகை மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து, 2009-ல் வெளியான ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. ஆறுதலான முடிவுதான். ஆனால் மிகச் சிறிய கூடுதலை இத்தகைய ஆய்வு கண்டுபிடிக்காமல் போகலாம். எனவே எளிதில் குறைக்க முடிந்ததைக் குறைப்பதே சரி.

கணக்கைத் திரும்பப் பாருங்கள், பெரிய பங்கு வீட்டுக்குள்தான். கடற்கரை மணலை அடித்தள நிரப்புக்கோ பூச்சுக்கோ பயன்படுத்தவே கூடாது. உப்பு கம்பியைத் துருவேற்றும்; மோனசைட் இரவு பகலாகக் கதிர் வீசும். மண்தரை வீட்டுக்கு 10 சென்டிமீட்டர் கான்கிரீட் தளம் போட்டால் கீழிருந்து வரும் காமாக் கதிர் சுமார் பாதியாகும். தோரியத்திலிருந்து வரும் தோரான் வாயுவின் அரை ஆயுள் (பாதி சிதைந்துபோக ஆகும் நேரம்) 56 விநாடிதான். அதனால் அது சுவரையும் தரையையும் ஒட்டியே அதிகம் இருக்கும். பூசாத மண்சுவர் என்றால் கட்டிலை ஓரடி தள்ளிப் போடுங்கள், சுவரைப் பூசிவிடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிள்ளைகள் விளையாடி வந்ததும் கை கழுவட்டும்.

கேள்வி: மோனசைட்டைத் தோண்டி எடுத்துவிட்டால் கதிர்வீச்சு குறையும், நோயும் குறையும் என்கிறார்களே?
(வாசகர், மிடாலம்)

பதில்: முதல் பாதி உண்மை. மோனசைட் போன மணலில் கதிர்வீச்சு குறைவுதான். இரண்டாம் பாதிக்கு மேலே சொன்ன ஆய்வே ஆதாரம் தரவில்லை. கரையில் சிதறிக் கிடந்தது ஆலையில் ஒரே இடத்தில் குவியும்போது அங்கே தூசிக் கட்டுப்பாடு, தொழிலாளர் அளவீடு எல்லாம் கறாராக இருந்தாக வேண்டும். கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் பரப்பில் தாது மணல் தோண்டும் திட்டத்தில் கதிர்வீச்சைவிடப் பெரிய கேள்வி மணல்மேடு. கடலரிப்பையும் நிலத்தடிக்குள் உப்புநீர் ஏறுவதையும் தடுத்து நிற்பது அதுதான். கருத்துக் கேட்பில் ஊர்க்காரர்கள் கேட்க வேண்டியவை: தோண்டுவதற்கு முன்பே ஒவ்வொரு ஊரிலும் எடுத்த கதிர்வீச்சு அளவு, கிணற்றுநீரின் உப்பளவு, கடற்கரைக் கோட்டின் வரைபடம். இவை இல்லாமல் பின்னால் எந்தப் பாதிப்பையும் நிரூபிக்க முடியாது.

கேள்வி: கூடங்குளத்துத் தண்ணீர் கடலில்தானே விடப்படுகிறது? மீன் சாப்பிடலாமா?
(வாசகர், குளச்சல்)

பதில்: கடலில் பெருமளவு விழுவது டர்பைனை விட்டு வரும் நீராவியைத் தண்ணீராக்கும் கண்டென்சரைக் குளிர்வித்த கடல்நீர். உலைக்குள் ஓடும் நீர் ஒரு சுற்று, அது சூடாக்கி டர்பைனுக்கு நீராவி தரும் நீர் இன்னொரு சுற்று, கடல்நீர் மூன்றாவது. மூன்றும் குழாய்ச் சுவர்களால் பிரிக்கப்பட்டவை. ஒவ்வொரு உலையும் 3,000 மெகாவாட் வெப்பம் உண்டாக்கி 1,000 மெகாவாட் மின்சாரம் தருகிறது. மீதி 2,000 மெகாவாட் கடலுக்குப் போகிறது. 7 டிகிரிக்கு மேல் சூடேறக் கூடாது என்ற நிபந்தனைப்படி, இதற்கு விநாடிக்குச் சுமார் 70 டன் கடல்நீர் வேண்டும். மீன்வளத்துக்கு இந்தச் சூடும், உறிஞ்சு வாயில் மாட்டும் முட்டையும் குஞ்சும்தான் முதல் கவலை. கதிரியக்கம் உள்ள திரவக் கழிவு தனியாகச் சுத்திகரித்து, அளந்து, நீர்த்துப்போகச் செய்து விடப்படுகிறது. அதில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனை வடிகட்ட முடியாது.

கடல்மீனில் இயற்கையாகவே பொலோனியம்-210 என்ற கதிரியக்கப் பொருள் உண்டு. அது குடலில் அதிகம் தங்கும், அதனால் முழுசாகத் தின்னும் நெத்திலியில் மற்ற மீனைவிடக் கூடுதல். உலையின் தடயத்தைத் தேட யுரேனியம் பிளக்கும்போது உண்டாகும் சீசியம்-137-ஐப் பார்க்க வேண்டும். செட்டிகுளம் அணுவிஜய் நகரியத்தில் உள்ள சுற்றுச்சூழல் ஆய்வகம் மீனையும் சோதிக்கிறது. முடிவைக் கேட்கும்போது 'பாதுகாப்பானது' என்ற ஒரு சொல்லோடு திருப்தி அடையாதீர்கள். கிலோவுக்கு எத்தனை பெக்கரெல் (விநாடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரெல்), எந்தத் தேதி, கருவியால் அளக்க முடிந்த குறைந்தபட்ச அளவு என்ன என்று கேளுங்கள். ஜப்பானில் மீனுக்கான சீசியம் வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரெல். அந்த அளவுக்குப் பக்கத்தில் வராதவரை மீன் தின்னத் தயங்க வேண்டாம்.

கேள்வி: ஆபத்து என்றால் உலையை நிறுத்திவிட வேண்டியதுதானே? நிறுத்திய பிறகு ஃபுகுஷிமா எப்படி வெடித்தது?
(வாசகர், அஞ்சுகிராமம்)

பதில்: நிறுத்துவது சில விநாடி வேலை. நிறுத்திய பின் வரும் சூடுதான் பிரச்சினை. யுரேனியம் பிளந்து உண்டான துண்டுகள் சிதைந்துகொண்டே வெப்பம் தரும். கூடங்குளம் போன்ற உலையில் நிறுத்திய கணத்தில் அது 200 மெகாவாட் அளவு, ஒரு மணி நேரத்தில் 40 அளவு, ஒரு நாள் கழித்தும் 15 அளவு இருக்கும். அந்த 15 மெகாவாட்டே மணிக்கு 20 டன் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கும். தண்ணீர் குறைந்து எரிபொருள் கோல்கள் வெளியே தெரிந்தால், 1,200 டிகிரியை நெருங்கும்போது அவற்றின் சிர்கோனியம் உறை நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனைக் கக்கும். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்த உலைகள் ஒழுங்காக நின்றன. பின்னால் வந்த சுனாமி டீசல் ஜெனரேட்டர்களையும் மின்பலகைகளையும் மூழ்கடித்தது, பம்புகள் நின்றன. வெடித்தது அந்த ஹைட்ரஜன்தான்.

கூடங்குளத்தில் இதற்கெனச் செய்திருப்பது: மின்சாரமே இல்லாவிட்டாலும் நீராவி தானாக மேலேறி, கட்டடத்துக்கு வெளியே காற்றால் குளிர்ந்து, தண்ணீராகித் தன் எடையால் இறங்கிவரும் அமைப்பு, ஹைட்ரஜனை மெல்ல நீராக்கிவிடும் கருவிகள், உருகிய எரிபொருளைப் பிடிக்க உலைக்கு அடியில் ஒரு தொட்டி, இரட்டைக் கான்கிரீட் கூடு. உலைக் கட்டடமும் டீசல் ஜெனரேட்டர்களும் கடல் மட்டத்துக்கு 8 மீட்டருக்கு மேல் உள்ளன. மணக்குடிப் பாலத்தைப் பெயர்த்துப்போட்ட 2004 சுனாமியைப் பார்த்தவர்கள் இந்த உயரத்தைப் பற்றிக் கேட்பது நியாயம். அமைப்பு நல்லதுதான், ஃபுகுஷிமாவில் இருந்ததைவிடப் பல படி மேல். ஆனால் குழாய்களும் வால்வுகளும் உடையாமல் இருந்தால்தான் நீராவி மேலேறித் தண்ணீராக இறங்கும். ஆகவே பராமரிப்புச் சோதனைகளின் முடிவுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுவது, வடிவமைப்பைப் போலவே பாதுகாப்பின் ஒரு பகுதி.

கேள்வி: கழிவு எங்கே போகிறது?
(கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: இரண்டு வகையாகப் பிரித்துப் பாருங்கள். கையுறை, துணி, வடிகட்டி, நீரைச் சுத்திகரிக்கும் பிசின் போன்றவை குறைந்த அளவுக் கழிவு. இவற்றை அழுத்தி, சிமென்டில் கலந்து, டிரம்களில் அடைத்து, வளாகத்துக்குள்ளேயே கான்கிரீட் குழிகளில் வைக்கிறார்கள். இதில் நீண்டகாலம் நிற்பது பெரும்பாலும் 30 ஆண்டு அரை ஆயுள் கொண்ட சீசியம். 300 ஆண்டில் பத்து அரை ஆயுள். ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். 300 ஆண்டு காவல் கடினம், ஆனால் மனிதரால் முடியாததல்ல.

பயன்படுத்திய எரிபொருள் வேறு விஷயம். ஓர் உலையில் 163 எரிபொருள் கட்டுகள். ஒவ்வொன்றும் நாலரை மீட்டர் நீளம். முதல் ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மாற்றினார்கள், அதாவது உலைக்கு 20 டன்னுக்கு மேல். அதில் சுமார் 95 சதவீதம் யுரேனியம், 1 சதவீதம் புளூட்டோனியம், மீதி பிளவுத் துண்டுகள். புளூட்டோனியம்-239-ன் அரை ஆயுள் 24,100 ஆண்டு. வெளியே எடுத்த கட்டுகளை உலைக் கூட்டுக்குள் இருக்கும் குளத்தில், பல மீட்டர் தண்ணீருக்கடியில் வைக்கிறார்கள். தண்ணீர் குளிர்விக்கிறது, கதிரையும் தடுக்கிறது. அந்தக் குளத்தில் சில ஆண்டு எரிபொருளுக்குத்தான் இடம். அதனால் 2013 மே 6 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், உலைக்கு வெளியே தனிக் கிடங்கு ஒன்றை 5 ஆண்டுக்குள் கட்டச் சொன்னது. பிறகு 2022 வரை அவகாசம் நீட்டிக்கப்பட்டது.

இந்தியாவின் கொள்கை, எரிபொருளை மறுசுத்திகரித்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுப்பது. மிஞ்சும் கடும் கதிரியக்கத் திரவத்தை 950 டிகிரி அளவில் போரோசிலிகேட் கண்ணாடியோடு உருக்கி, துருவேறா எஃகு உருளைகளில் ஊற்றி, காற்றோட்டக் கிடங்கில் பல பத்தாண்டு ஆறவிட வேண்டும். கடைசி இடம் ஆழ்நிலப் பாறை. பின்லாந்து இதற்கெனச் சுமார் 430 மீட்டர் ஆழத்தில் ஒன்கலோ என்ற சுரங்கத்தைக் குடைந்திருக்கிறது. செம்புக் கலத்தைச் சுற்றிக் களிமண், அதைச் சுற்றிப் பாறை. நம் நாட்டில் அப்படி ஒரு கிடங்கு இல்லை. கண்ணாடியாக்கும் தொழில்நுட்பம் நம்மிடம் உறுதியாக இருக்கிறது. கடைசி இடம்தான் இல்லை. 'தற்காலிகக் கிடங்கு' என்ற சொல்லுக்கு எத்தனை ஆண்டு என்று எழுத்தில் கேட்க நமக்கு உரிமை உண்டு.

கேள்வி: நம் மணலில் உள்ள தோரியத்தையே எரித்தால் யுரேனியம் இறக்குமதி வேண்டாமே?
(வாசகர், தக்கலை)

பதில்: தோரியம் நேராக எரியாது. முதலில் நியூட்ரானை விழுங்கி, புரோடாக்டினியமாகி, அது 27 நாள் அரை ஆயுளில் சிதைந்து யுரேனியம்-233 ஆக வேண்டும். அந்த நியூட்ரானைக் கொடுக்க யுரேனியமோ புளூட்டோனியமோ எரியும் உலை வேண்டும். கூடவே உண்டாகும் யுரேனியம்-232-ன் சிதைவுத் தொடரில் கடும் காமாக் கதிர் வருவதால், எரிபொருள் செய்வதைக் கனத்த சுவருக்குப் பின்னால் எந்திரக் கைகளால்தான் செய்ய முடியும். கல்பாக்கத்தில் யுரேனியம்-233-ல் ஓடும் காமினி உலை இருக்கிறது. அதன் திறன் 30 கிலோவாட். ஆய்வுக்கு அருமையான கருவி, ஊருக்கு மின்சாரம் தருவதற்கானது அல்ல.

கேள்வி: விபத்து நடந்தால் கன்னியாகுமரியில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்? அயோடின் மாத்திரை இப்போதே வாங்கி வைக்கலாமா?
(வாசகி, கன்னியாகுமரி)

பதில்: அவசரத் திட்ட வட்டம் 16 கிலோமீட்டர். அஞ்சுகிராமம் அதன் விளிம்பை ஒட்டி வருகிறது. கன்னியாகுமரி நேர்க்கோட்டில் சுமார் 20 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் முதல் வேலை ஓடுவதல்ல, வீட்டுக்குள் போவது. ஜன்னல், கதவை அடைத்து, ஏ.சி.யையும் எக்ஸாஸ்ட் மின்விசிறியையும் நிறுத்துங்கள். வெளியிலிருந்து வந்தவர் மேலாடையை வாசலிலேயே கழற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும்; ஒட்டிய தூசியில் பெரும்பகுதி ஆடையோடு போய்விடும். வெளியேறச் சொன்னால் காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே போக வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று பொதுவாக நம் பக்கத்திலிருந்து கூடங்குளம் நோக்கி வீசும். வடகிழக்குப் பருவத்தில் அங்கிருந்து நம் பக்கம். பகலில் கடல்காற்று இதை மாற்றும் என்பதால் அன்றைய அறிவிப்பே கணக்கு.

மாத்திரை தைராய்டை மட்டும், கதிரியக்க அயோடினிடமிருந்து மட்டும் காக்கும். பெரியவருக்குப் பொட்டாசியம் அயோடைடு 130 மில்லிகிராம், 3 முதல் 18 வயதுக்கு 65, ஒரு மாதம் முதல் 3 வயது வரை 32, பிறந்த குழந்தைக்கு 16. கதிரியக்கக் காற்று வருவதற்குச் சற்று முன்போ வந்த 2 மணி நேரத்துக்குள்ளோ எடுத்தால் முழுப் பலன். 8 மணி நேரம் தாண்டினால் பலன் சொற்பம். நாற்பது வயது தாண்டியவர்களுக்குத் தேவை குறைவு. அறிவிப்பு வரும் முன் நாமாக விழுங்கக் கூடாது, தைராய்டு நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அயோடின் உப்பு இதற்கு ஈடாகாது: ஒரு மாத்திரையின் அயோடினுக்கு 3 கிலோவுக்கு மேல் உப்புத் தின்ன வேண்டிவரும். புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தைக் குடிப்பது விஷம்.

செர்னோபில் அணு உலை விபத்தில் குழந்தைகளின் தைராய்டைக் கெடுத்ததில் பெரும் பங்கு பாலுக்கு. புல்லில் விழுந்த அயோடினைப் பசு தின்று, சில நாளில் அது பாலில் வந்தது. ஆகவே அறிவிப்பு வந்ததும் மாட்டைத் தொழுவத்தில் கட்டி, மூடிவைத்த வைக்கோலையும் மூடிய தொட்டி நீரையும் கொடுங்கள். பிள்ளைகளுக்குப் பழைய இருப்பிலுள்ள பால்பவுடர் போதும். அயோடின்-131-ன் அரை ஆயுள் 8 நாள். 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அதுவரை கறந்த பாலைச் சோதனை முடிவு வந்த பிறகே வீட்டுக்குள் எடுங்கள்.